ஊவா மலைகளில் ‘பிரஜை’ என்ற சொல்
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் புரட்சியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் புரட்சிகள் எல்லாம் முதலில் சொற்களிலேயே நிகழ்கின்றன. அரசனின் ‘குடிகள்’ என்று இருந்தவர்கள் ‘பிரஜைகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்டபோது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிம்மாசனங்கள் ஆட்டங்கண்டன. அந்தச் சொல் நமது ஊவா மலைகளுக்கு எப்படி வந்தது, இங்கே அதற்கு என்ன நேர்ந்தது என்பதையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் மேற்கே சற்றுப் பார்ப்போம். 1776 ஜனவரியில் தோமஸ் பெயின் என்பவர் அமெரிக்காவில் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். ‘பொது அறிவு’ என்பது அதன் பெயர். பண்டிதர்களுக்காக எழுதப்பட்ட நூல் அல்ல அது. வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் கூடி நின்று கேட்டார்கள். ஒரு தீவு ஒரு கண்டத்தை என்றென்றும் ஆளுவது பொருந்துமா என்ற அதன் கேள்வி சந்தைக்கும் சாராயக் கடைக்கும் போயிற்று. அதே ஆண்டு ஜூலை 4ஆம் திகதி அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1789 ஓகஸ்ட் 26ஆம் திகதி, பிரான்சின் தேசிய சபை ‘மனிதனதும் பிரஜையினதும் உரிமைகள்’ என்ற பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. இறைமை அரசனிடம் இல்லை, தேசத்திடம் இருக்கிறது என்று அது கூறிற்று.

சரி, அந்தத் தேசத்தில் யார் யார் அடக்கம்? சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகின்றது.

எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய அமெரிக்கா, 1790இல் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியபோது, ‘சுதந்திரமான வெள்ளையருக்கு’ மட்டுமே அது உரியது என்றது. பிரான்சின் 1791ஆம் ஆண்டு யாப்பு, பிரஜைகளையே இரண்டாகப் பிரித்தது. மூன்று நாட் கூலிக்குச் சமமான வரி கட்டக்கூடியவனுக்கு வாக்கு உண்டு. அது முடியாதவனுக்கும் வீட்டு வேலைக்காரனுக்கும் இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண்மணி 1793இல் கொலைக்கருவியின் கீழ் உயிரிழந்தார்.

தோமஸ் பெயினுக்கு நேர்ந்தது இதைவிட விசித்திரமானது. ஆங்கிலேயரான அவருக்கு 1792இல் பிரான்ஸ் பிரஜாவுரிமை வழங்கிக் கௌரவித்தது. பிரெஞ்சு மொழி சரிவரப் பேசத் தெரியாத அவரைத் தமது தேசிய மாநாட்டுக்கே மக்கள் தெரிவு செய்தார்கள். மறு ஆண்டு காற்று திசை மாறியது. அந்நியர் சபையில் இருக்கலாகாது என்றார்கள். 1793 டிசம்பரில் பெயின் சிறையிலிடப்பட்டார். நேற்றைய பிரஜை இன்றைய அந்நியன். மலையகத்தில் பிறந்த எவருக்கும் இந்தக் கதை புதிதாகத் தோன்றாது.

இனி நமது ஊவாவுக்கு வருவோம்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாயக்க மரபின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். மன்னனை அகற்றிய பிரதானிகள், தாம் நினைத்தது ஒன்று நடந்தது வேறொன்று என்பதை வெகு சீக்கிரத்தில் உணர்ந்தார்கள். 1817இன் பிற்பகுதியில் வெல்லஸ்ஸவிலே கிளர்ச்சி மூண்டது. நிலைமையை நேரில் பார்க்கப் பதுளையிலிருந்து சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்குவதற்காக அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்டார். தம்மிடமிருந்த ஆங்கிலேயரின் ஆயுதங்களை அவர் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என்பதைப் பாடசாலையில் நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம்.

ஆனால் பாடசாலையில் அழுத்திச் சொல்லப்படாத ஒன்று உண்டு. அந்தக் கிளர்ச்சி யாரை அரசனாக முன்னிறுத்தியது? வில்பாவே என்ற ஒருவரை. அவர் தம்மை யாரென்று அறிமுகப்படுத்திக்கொண்டார்? துரைசாமி என்று. நாயக்க அரச குடும்பத்தின் துரைசாமி என்று! அவர் உண்மையில் துரைசாமி அல்லர் என்பது பின்னர் வெளியாயிற்று. அது வேறு விடயம். 1817இல் ஊவாவின் சிங்களக் கிராமத்து மக்களைத் திரட்டுவதற்குத் துரைசாமி என்ற பெயர் தடையாக இருக்கவில்லை, உதவியாகவே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஊவாவில் ‘நம்மவர்’ ‘அந்நியர்’ என்ற கோடு மொழியின் மீது கீறப்பட்டிருக்கவில்லை.

கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. தேசாதிபதி பிரவுன்றிக் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். இந்தியாவிலிருந்தும் படைகள் தருவிக்கப்பட்டன. வீடுகள் கொளுத்தப்பட்டன. வயல்களும் பயன்தரும் மரங்களும் அழிக்கப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிபொலவும் மடுகல்லேயும் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே ஒரு காட்சிப் பொருளாக இருந்தது. அதனைக் கொண்டு சென்ற வைத்தியர் ஹென்றி மார்ஷலே பிற்காலத்தில் தமது நூலில், கிளர்ச்சி வென்றிருந்தால் இம்மனிதர் தேசபக்தர் எனப் போற்றப்பட்டிருப்பார், தோற்றதனால் துரோகி எனத் தண்டிக்கப்பட்டார் என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் சூட்டிய அந்தத் துரோகிப் பட்டத்தை இலங்கை அரசு முறைப்படி நீக்கியது 2016இல்தான்.

நேயர்களே, அழிந்துபோன அந்த ஊவாவுக்கு நமது முன்னோர் எப்படி வந்தார்கள்? இதற்கும் ஒரு புரட்சியே காரணமாயிற்று என்றால் நீங்கள் வியப்படைவீர்கள்.

கரீபியன் கடலிலே பிரெஞ்சுக்காரரின் குடியேற்றமாக இருந்த சென் டொமிங், பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் உலகின் கோப்பியில் ஏறக்குறைய பாதியை விளைவித்தது. விளைவித்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். மனிதனின் உரிமைகள் என்று பாரிஸ் முழங்கியபோது, அந்த ‘மனிதன்’ நாங்களும்தானே என்று அவர்கள் கேட்டார்கள். 1791இல் எழுந்தார்கள். 1804 ஜனவரி முதலாம் திகதி ஹெயிட்டி என்ற சுதந்திர நாடு பிறந்தது. பின்னர் 1833இல் பிரித்தானியாவும் தனது குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி சரிந்தது. முதலாளிகளின் கண்கள் இலங்கையின் மலைகளை நோக்கித் திரும்பின. ஜமெய்க்காவில் தோட்டத்தொழில் பழகிய துரைமார்கூட இங்கே வந்தார்கள்.

அடிமைகள் விடுதலை பெற்றதால் உண்டான வெற்றிடத்தை நிரப்பவே தென்னிந்தியாவின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினார்கள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுக்கு உரியதாக்கி, தோட்டங்களுக்கு வழிவிட்டது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஊவாவின் ஒரு பக்கத்தில் 1818இல் வீட்டையும் வயலையும், பின்னர் காட்டையும் இழந்த சிங்களக் கிராமம். மறு பக்கத்தில் ஊரையே இழந்து வந்த தமிழ்த் தொழிலாளியின் லயம். இரண்டு பேரையும் இழக்கச் செய்தவர் ஒருவரே. ஆனால் கிராமத்தான் காலையில் எழுந்து பார்த்தால் மலையில் தெரிவது தொழிலாளியின் தலைதான், இலண்டனில் இருக்கும் பங்குதாரரின் தலையல்ல. பின்னாளில் தேசியவாதம் பேசியவர்களுக்கு இது மிகவும் வசதியாயிற்று.

இனி, பிரெஞ்சுப் புரட்சியின் சொற்கள் தமிழுக்கு வந்த வழியைப் பார்ப்போம். பாரதியார் நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையும் தனது குறிக்கோளாகவே முகப்பில் தாங்கி வந்தது. அந்தப் பத்திரிகை பின்னர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலிருந்தே வெளிவர நேர்ந்தது பொருத்தமானதுதான். அந்தச் சூடு ஆறுவதற்குள் தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்தார் கோ. நடேசய்யர். 1920களில் அவர் இங்கே நடத்திய பத்திரிகைக்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: ‘தேசபக்தன்’. எந்தத் தேசத்தின் பக்தன்? பிறந்த தஞ்சாவூரா, உழைக்கும் இலங்கையா? நடேசய்யர் அந்தக் கேள்வியைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து கேட்டார். எவன் உழைப்பால் இந்நாட்டின் வருமானம் வருகிறதோ அவனுக்கு இந்நாட்டில் என்ன இடம் என்பதே அவரது வாதம்.

வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் அவர் புடைவை வியாபாரி வேடத்தில் சென்றார் என்பார்கள். 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடினார். கற்றறியாத தொழிலாளிக்குப் பத்திரிகைத் தலையங்கத்தை விடப் பாட்டுத்தான் நேரே போய்ச் சேரும். பெயினின் பிரசுரத்தை அமெரிக்கச் சந்தைகளில் உரக்க வாசித்ததற்கும், லயத்து வாசலில் மீனாட்சியம்மையின் பாட்டை நாலு பேர் கூடிக் கேட்டதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. மலையக இலக்கியத்தின் ஆரம்பத்தைத் தேடுகிறவர்கள் இங்கேதான் தேட வேண்டும்.

இந்த விதை முளைத்த இடம் எங்கள் பதுளை. 1940ஆம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பித்துவிட்டது. ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையுடன் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரையும் உடன்பட நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்று பேர் கொடுத்தவர்கள், தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தெரிவு செய்தார்கள். சில நாட்களே நீடித்த ஒரு சிறிய குடியரசு அது என்று நான் சொல்வேன்.

மே 12ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சி பதுளையில் பொலிஸாரின் எதிர்ப்பையும் மீறிப் பெருங்கூட்டம் நடத்தியது. சிங்களத் தலைவர்கள், தமிழ்த் தொழிலாளர்கள், ஒரே மேடை, ஒரே கோஷம். பின்னர் பெருமழையும் வெள்ளமும் ஊவாவை வெளியுலகத்திலிருந்து துண்டித்தன. அந்தத் தனிமையிலே பொலிஸ் அடக்குமுறை தன் வேலையைச் செய்து முடித்தது. ஜூன் மாதம் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். வெவெஸ்ஸ அடங்கியது.

1789இலே பாரிஸ் நகரத்துக் கைவினைஞர் செய்ததற்கும் 1940இலே வெவெஸ்ஸ தோட்டத்தார் செய்ததற்கும் அளவில் வேறுபாடு உண்டு, தன்மையில் இல்லை. ஆனால் ஒன்றுக்கு நூலகம் நிறைய நூல்கள். மற்றதற்குச் சில பக்கங்கள்.

எட்டு ஆண்டுகளின் பின் 1948 வந்தது. இலங்கை சுதந்திரம் பெற்றது. ஐரோப்பாவில் நடந்தது போலவே இங்கும் ‘தேசம்’ பிறந்தவுடன் அதன் வேலியும் பிறந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்த ஒருவன் பிரஜையாவதற்கு அவனது தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்து அறையில், மருத்துவிச்சியின் கையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே போய்த் தேடுவது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதையடுத்துத் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவர்களானார்கள். 1947இல் பாராளுமன்றத்துக்கு ஏழு பேரை அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் செய்து பாருங்கள். வாக்குரிமையில் குறைபாடுள்ளதென்று நாம் சற்று முன் கண்ட அதே 1791ஆம் ஆண்டு பிரெஞ்சு யாப்பு, வெளிநாட்டில் வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவன் பிரான்சில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே காணி வாங்கினாலோ, பிரெஞ்சுப் பெண்ணை மணந்தாலோ, விவசாயமோ வியாபாரமோ தொடங்கினாலோ, பிரஜைக்குரிய சத்தியம் செய்து பிரஜையாகலாம் என்றது. ஐந்து ஆண்டுகள்! இங்கே மூன்று தலைமுறை போதவில்லை. தேசம் என்பது ஒரே சட்டத்தின் கீழ் சேர்ந்து வாழச் சம்மதித்தவர்களின் கூட்டம் என்பது ஒரு கருத்து. தேசம் என்பது இரத்தத்தாலும் மொழியாலும் ஆனது என்பது மற்றக் கருத்து. ஐரோப்பாவிலேயே இரண்டும் மோதின. இரண்டாவது கருத்து அங்கே விளைத்த நாசத்தை இரண்டு உலக யுத்தங்கள் காட்டின. 1948இல் நமது நாடு அந்த இரண்டாவது கருத்தைத் தெரிந்தெடுத்தது. அதன் விலையை எல்லோருமே கொடுத்தோம். 1983 ஜூலையில் பதுளை நகரும் எரிந்தது.

நான் பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் சரித்திரம் கற்பித்தவன். எழுபதுகளில் ஒரு நாள் பிரெஞ்சுப் புரட்சியைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ‘மனிதனதும் பிரஜையினதும் உரிமைகள்’ என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “சேர், எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்லை. அப்ப இதுல அவருக்குப் பாதிதான் கெடைக்குமா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பாதிகூடக் கிடைக்காது என்பதுதான் உண்மையான பதில். பிரஜை என்று ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இல்லாதவன், தனது மனித உரிமையை எந்த வாசலில் போய்க் கேட்பான்? ‘நீ முழு மனிதன், சட்டம்தான் அரைகுறை’ என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். அடுத்த ஆண்டு அவனது குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எவரையும் ‘உன் தேசம் எது’ என்று முதலில் கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது இலக்கியம். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தான் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 1979இல் வெளிவந்த அவரது சிறுகதைத் தொகுதியின் பெயர் ‘நாமிருக்கும் நாடே’. 2022இல் மறையும் வரை அவர் விட்டு விலகாத பொருள் இதுதான். ஒரு தோட்டத்தின் பெயரைத் தன் பெயராக்குவதும் ஒருவகைப் பிரஜாவுரிமைப் பிரகடனமே. அதற்கு எந்தக் கந்தோரின் முத்திரையும் தேவைப்படவில்லை.

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை இந்நாட்டில் பெருமளவுக்கு முடிவுக்கு வந்தது. வாக்குரிமை இருக்கிறது. பாராளுமன்றத்திலும் மாகாண அரசியலிலும் நம்மவர் இருந்திருக்கிறார்கள். எனினும் தோட்டங்களில் இன்னும் பல குடும்பங்களுக்குத் தாம் வாழும் லயத்து அறை சொந்தமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டன. ஆபத்து உண்டென்று எச்சரிக்கப்பட்ட இடத்திலேயே அந்த மக்கள் இருந்தார்கள். எழுந்து போய் வீடு கட்ட வேறு காணி அவர்களிடம் இல்லை. காலடியில் மண் இல்லாத பிரஜாவுரிமை எத்தனை பாரமற்றது என்பதை அன்று நாடே பார்த்தது. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றவர்களின் கோரிக்கைகளில் காணியும் வீடும் இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

இறுதியாக, நமது இளம் எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1818ஐச் சிங்களப் பிள்ளைகளின் பாடமாகவும் 1940ஐத் தமிழ்ப் பிள்ளைகளின் கதையாகவும் பிரித்து வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மாகாணத்தின் சரித்திரம். கெப்பெட்டிபொலவைத் துரோகி என்று எழுதிய அதே ஆட்சிதான் வெவெஸ்ஸ தொழிலாளியைக் கலகக்காரன் என்று எழுதியது. துரைசாமி என்ற பெயரை நம்பி எழுந்த வெல்லஸ்ஸவையும், சிங்களத் தலைவர்களை நம்பி எழுந்த வெவெஸ்ஸவையும் ஒரே வகுப்பில், இரு மொழியிலும் சொல்லிக் கொடுத்தால், தேசம் என்ற சொல்லுக்கு நமது பிள்ளைகள் வேறு பொருள் காண்பார்கள். வெவெஸ்ஸவை நேரில் கண்டவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். தெளிவத்தையிலும் டெமோதரையிலும் பசறையிலும் ஹாலி எலயிலும் போய், அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதி வையுங்கள். பிரஜாவுரிமை இல்லாத காலத்திலும் இந்த மண்ணில் பிரஜைகளாக நடந்துகொண்டவர்கள் அவர்களின் முன்னோர்.